மாமா அமெரிக்க மரீன்ல இருந்தவர், இப்ப கிட்னி கேன்சர். கேம்ப் லெஜூன் தண்ணி கிளெயிம் இனியும் போடலாமா?

உவர்மலை சுதா:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் வித்தியாசமானது, எங்க கேக்குறது எண்டு தெரியாமதான் இங்க போடுறன், அமெரிக்கால இருக்கிற எங்கட ஊர் ஆக்கள் பாத்தா சொல்லுங்க.

அம்மாட கடைசித் தம்பி, எங்கட சின்ன மாமா, படிக்க எண்டு போய் கிரீன் கார்ட் எடுத்து அப்பிடியே மரீன்ல சேந்தவர். 86ல இருந்து 88 வரைக்கும் நோர்த் கரோலைனால கேம்ப் லெஜூன் எண்ட தளத்தில இருந்தவர். பிறகு அங்கயே வேற வேலை செய்து பென்சன் எடுத்து, இப்ப உப்புவெளியில சின்னதா வீடு கட்டி மாமியோட இருக்கிறார். போன வருசம் மூத்திரத்தில ரத்தம் போகுது எண்டு காட்டப் போய், கொழும்பில ஸ்கேன் பண்ணினா வலது கிட்னியில கேன்சர், கிட்னியையே எடுத்துட்டாங்க. இப்ப ஆள் எழும்பி நடக்கிறார், கோயிலடிக்கும் போய் வாறார், ஆனா உடம்பு பாதியாப் போச்சு.

விசயம் என்னெண்டா, ரெண்டு கிழமையா ஒராள் வட்ஸ்அப்ல விடாம எடுக்கிறார், தான் அமெரிக்க லோயர் ஒபிஸ்ல இருந்து கதைக்கிறன் எண்டு. லெஜூன்ல குடிக்கிற தண்ணி பழுதாகி ஆயிரக்கணக்கான ஆக்களுக்கு வருத்தம் வந்தது, அதுக்கு அரசாங்கம் லட்சக்கணக்கில டொலர் குடுக்குது, 900 டொலர் முதல்ல கட்டுங்க, மாமாட சோசல் செக்குரிட்டி நம்பரையும் டிடி-214 எண்ட படை டிஸ்சார்ஜ் கடதாசிட கொப்பியையும் அனுப்புங்க, மிச்சத்த நாங்க பாப்பம் எண்டு சொல்லுறார். மாமி காசு கட்டுவம் எண்டு நிக்கிறா. மாமா "அதெல்லாம் முடிஞ்ச கதை, விடு" எண்டுறார். இது உண்மையா? இனியும் டைம் இருக்கா? இலங்கையில இருந்துகொண்டு போடலாமா? நெட்டில தேடினா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறாங்க, தலை சுத்துது.

நிலாவெளிப் பொடியன்:

அக்கா, சோசல் செக்குரிட்டி நம்பரை வட்ஸ்அப்ல கேக்கிறவன் லோயர் இல்ல. 900 டொலர் கட்டினா அந்த நம்பரும் போகும் காசும் போகும். புளொக் பண்ணுங்க முதல்ல. மிச்சம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுவாங்க.

கரோலைனா கோணேஸ்:

தங்கச்சி, நான் திருக்கோணமலைதான், திருஞானசம்பந்தர் வீதிப் பக்கம் வளந்தவன், இப்ப நோர்த் கரோலைனால ஒரு கவுண்டியில பழைய படையாக்களுக்கு பேப்பர் வேலை செய்து குடுக்கிற ஒபிஸ்ல இருக்கிறன். லெஜூன் பைல் என்ட மேசைக்கு வராத கிழமை இல்ல, அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன், பொறுமையா வாசிங்க.

முதல்ல ஒண்ட விளங்கிக்கொள்ளுங்க, இதுல பாதை ரெண்டு. எல்லாரும் ரெண்டையும் ஒண்டாக் குழப்புறாங்க, அந்த வட்ஸ்அப்காரரும் அந்தக் குழப்பத்திலதான் காசு பாக்கிறார். ஒண்டு நட்டஈட்டு வழக்கு. 2022 ஓகஸ்ட் 10ல பைடன் கையெழுத்துப் போட்ட, பழைய படையாக்களுக்கான பாக்ட் சட்டத்துக்குள்ள லெஜூனுக்கு எண்டு தனியா ஒரு பகுதி வந்தது, அதன்படி முதல்ல நேவியிட்ட கிளெயிம் குடுக்கோணும், சரிவராட்டி நோர்த் கரோலைனா கிழக்கு மாவட்ட பெடரல் கோர்ட்டுக்குப் போகலாம். அதுக்கு ரெண்டு வருசம்தான் தந்தவங்க. 2024 ஓகஸ்ட்டோட கதவு சாத்தியாச்சு. நாலு லட்சத்துக்கு மேல கிளெயிம் உள்ள போய்க் கிடக்கு. லட்சக்கணக்கில டொலர் எண்டு அந்தாள் சொல்லுறது இந்தப் பாதையைத்தான், மாமா அந்த டைமுக்குள்ள போடேல்ல எண்டா அதுல இனி உள்ள போகேலாது. மாமா "முடிஞ்ச கதை" எண்டு சொல்லுறது இதைக் கேள்விப்பட்டதாலயா இருக்கும்.

ஆனா மற்றப் பாதை திறந்துதான் கிடக்கு. அது விஏ, படையில இருந்து வந்த ஆக்களுக்கான திணைக்களம், அங்க போடுற டிசபிலிட்டி கிளெயிம். அதுக்கு கடைசித் திகதி எண்டு ஒண்டு இல்ல. நாப்பது வருசம் கழிச்சும் போடலாம். கோர்ட்டில வாறது ஒரே தரம், இது மாசா மாசம் வாறது, வரியும் இல்ல.

இனி மாமாட விசயம். விஏ 2017 மார்ச் 14ல இருந்து ஒரு விதி வச்சிருக்கு. 1953 ஓகஸ்ட் 1ல இருந்து 1987 டிசம்பர் 31க்குள்ள லெஜூன்லயோ பக்கத்தில நியூ ரிவர் விமானத் தளத்திலயோ மொத்தமா 30 நாள் இருந்திருக்கோணும், தொடர்ச்சியா இருக்கோணும் எண்டில்ல. அப்பிடி இருந்தவருக்கு எட்டு வருத்தத்தில ஒண்டு வந்தா, அது அந்தத் தண்ணியால வந்தது எண்டு விஏ தானே எடுத்துக்கொள்ளும், டொக்டரிட்ட போய் "இதாலதான் வந்தது" எண்டு கடிதம் வாங்கத் தேவையில்ல. கிட்னி கேன்சர் அந்த எட்டில இருக்கு. மிச்சம் என்னெண்டா ஈரல் கேன்சர், மூத்திரப்பை கேன்சர், பெரியாக்களுக்கு வாற லுகேமியா, மல்டிபிள் மைலோமா, நொன்-ஹொட்ஜ்கின் லிம்போமா எண்ட ரத்தக் கேன்சர் வகைகள், எலும்பு மச்சை ரத்தம் உண்டாக்காமப் போற அப்லாஸ்டிக் அனீமியா வகை, பார்கின்சன். டிஸ்சார்ஜ் "டிஸ்ஒனரபிள்" எண்டு இருக்கக்கூடாது, அவ்வளவுதான். 86ல போனவர் எண்டா 87 டிசம்பருக்கு முதல் 30 நாள் தாராளமா வரும்.

இன்னொண்டு, நெட்டில தேடினீங்கள் எண்டா கெட்ட கிணறுகள 85 பெப்ரவரிக்குள்ளயே மூடியாச்சு எண்டு வாசிப்பீங்க, அதுக்குப் பிறகு போன ஆள் எப்பிடி எண்டு யோசனை வரும். அதப் பற்றிக் கவலை வேணாம். சட்டம் பாக்கிறது 87 முடிவைத்தான், கிணறு மூடின திகதியை இல்ல.

காசு கேக்கிற விசயம். முதல் கிளெயிமை ஆயத்தம் பண்ணித் தாறதுக்கு யாருமே காசு வாங்கக்கூடாது, லோயரா இருந்தாலும் சரி, அது அமெரிக்க சட்டம். விஏ ஒருக்கா முடிவு சொன்ன பிறகு அத எதிர்த்துப் போறதெண்டாதான், அதுவும் விஏல பதிவான லோயர், பீஸ் எடுக்கலாம். டிஏவி, விஎப்டபிள்யூ, அமெரிக்கன் லீஜன் எண்ட பழைய படையாக்கட சங்கங்கள், எங்கட மாதிரி கவுண்டி ஒபிஸ், எல்லாம் ஓசியில செய்து தருவாங்க. அதால அந்த 900 டொலருக்கு ஒரு நியாயமும் இல்ல.

இண்டைக்கே செய்ய வேண்டியது ஒண்டுதான். 21-0966 எண்டு ஒரு சின்ன போர்ம், நான் கிளெயிம் போடப்போறன் எண்டு முன்கூட்டி சொல்லி வைக்கிறது. விஏ இணையத்தில போடலாம், போனிலயும் சொல்லலாம். அதப் போட்ட நாளை விஏ பிடிச்சு வைக்கும், பிறகு ஒரு வருசத்துக்குள்ள 21-526ஈஇசட் எண்ட முழுப் போர்மையும் போட்டா, காசு அந்த முதல் நாளில இருந்து கணக்காகும். ஆறுதலா பேப்பர் சேர்த்துப் போடுவம் எண்டு இருக்கிற ஆக்கள் ஒவ்வொரு மாசமும் காசை விட்டுக்கொண்டு இருக்கிறாங்க.

உவர்மலை சுதா:

அண்ணே, கோடி நன்றி. மாமிக்கு வாசிச்சுக் காட்டினன், இப்பதான் ஆள் அடங்கினா 😅 அந்த நம்பரையும் புளொக் பண்ணியாச்சு.

இன்னும் கொஞ்சம் கேக்கலாமா. மாமா அந்த நாளில நல்லா சிகரெட் பத்தினவர், இஞ்ச டொக்டரும் அதத்தான் காரணமா சொன்னவர், கார்டிலயும் எழுதிக் கிடக்கு. அத வச்சு தட்டிவிடுவாங்களா? அதோட அந்தத் தண்ணியில அப்பிடி என்னதான் இருந்தது? மாமாட்ட கேட்டா, தண்ணி நல்லாத்தான் இருந்தது, நாங்க அத சந்தேகப்பட்டதே இல்ல எண்டு சொல்லுறார். மற்றது எவ்வளவு வரும் எண்டு மாமி கேக்கச் சொன்னா, கோவிக்காதீங்க.

கரோலைனா கோணேஸ்:

கோவிக்க என்ன இருக்கு, முதல்ல எல்லாரும் கேக்கிறதே அதத்தான்.

சிகரெட் கதை: பத்தினவர் எண்டதுக்காக அந்த விதி இல்லாமப் போகாது. வருத்தம் தண்ணியால இல்ல எண்டு தட்டுறதெண்டா அதுக்கு வலுவான ஆதாரம் பைலில இருக்கோணும், "பத்தினவர்" எண்டு கார்டில கிடக்கிற ஒரு வரி மட்டும் அதுக்குக் காணாது. அந்தக் கார்டை ஒளிக்க வேணாம், அப்பிடியே குடுங்க, ஒளிச்சாத்தான் பிரச்சினை.

தண்ணி நல்லாத்தான் இருந்திருக்கும். இது கலங்கலோ நாத்தமோ வாற சாமான் இல்ல. லெஜூனுக்கு தண்ணி குடுத்த ரெண்டு நிலையத்திலதான் பெரிய பிரச்சினை. ஹட்னட் பொயின்ட் எண்டதில, நிலத்துக்குக் கீழ இருந்த எண்ணெய்த் தாங்கி ஒழுகினது, தளத்தில இயந்திரம் கழுவுற திராவகம், கழிவு, எல்லாம் கிணத்துக்குள்ள இறங்கினது. டராவா டெரஸ் எண்டதுக்கு தளத்துக்கு வெளியில இருந்த ஒரு ட்ரை கிளீனிங் கடைதான் காரணம், உடுப்பு வெளுக்கிற பெர்குளோரோஎத்திலீன் மண்ணுக்குள்ளால போய் கிணத்தில சேந்தது. 82ல ஹட்னட் பொயின்ட் குழாய்த் தண்ணியில ட்ரைகுளோரோஎத்திலீன் எண்ட இயந்திரம் கழுவுற திராவகம் 1,400 பிபிபி இருந்திருக்கு, பிபிபி எண்டா நூறு கோடியில ஒரு பங்கு. இப்ப குடிதண்ணிக்கு உள்ள எல்லை 5. டராவா டெரஸ்ல அந்தப் பெர்குளோரோஎத்திலீன் 215 வரைக்கும் போனது. அதோட பென்சீன், வைனைல் குளோரைட். குடிச்சது மட்டுமில்ல, சுடுதண்ணியில குளிக்கேக்க ஆவியா மூச்சுக்குள்ளயும் தோலாலயும் போகும். ஆக்கள் குடியிருந்த வீடுகள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் அதே குழாய்தான். பத்து லட்சம் பேர் வரைக்கும் அந்தத் தண்ணியில புழங்கியிருக்கலாம் எண்டு கணக்கு.

இனி காசு. வருத்தம் ஆளை எவ்வளவு பாதிச்சது எண்டு விஏ ஒரு சதவீதம் போடும், அதப் பொறுத்துத்தான் காசு. கேன்சர் இருக்கிற காலத்துக்கும் வைத்தியம் நடக்கிற காலத்துக்கும் 100 சதவீதம் போடுவாங்க, 2025 கணக்குக்கு தனி ஆளுக்கு மாசம் 3,831 டொலர் சொச்சம். வைத்தியம் முடிஞ்சு ஆறு மாசத்தில திரும்பப் பரிசோதிச்சு, கேன்சர் திரும்பேல்ல எண்டா மிச்சம் என்ன பழுது எண்டு பாத்து சதவீதத்தை மாத்துவாங்க. இதுல மாமிக்கு ஒண்டு உடைச்சு சொல்லுங்க, காசு கணக்காகிறது கிளெயிம் போட்ட நாளில இருந்து, ஒப்பரேசன் நடந்த நாளில இருந்து இல்ல. ஒப்பரேசன் முடிஞ்சு மாசக்கணக்கா வேற வைத்தியம் இல்லாம இருக்கிறார் எண்டா 100ஐ நம்பி கணக்குப் போட வேணாம். ஆனா ஒரு கிட்னி எடுத்தவருக்கு குறைஞ்சது 30 சதவீதம் எண்டு விதியிலயே இருக்கு, அது 2025ல மனைவியையும் சேத்து மாசம் 601 டொலர். மிச்சக் கிட்னி எப்பிடி வேலை செய்யுது எண்டதைப் பொறுத்து கூடலாம். பிறகு எப்பவாவது கேன்சர் திரும்பி வந்தா (வராம இருக்கோணும்) உடன கூட்டிக் கேக்கலாம், ஏனெண்டா வருத்தம் சேவையால வந்தது எண்டு முதலே ஏத்துக்கொண்டாச்சு. என்னைக் கேட்டா அந்த ஏத்துக்கொள்ளுறதுதான் பெரிய விசயம், காசை விட. நாளைக்கு மாமா இந்த வருத்தத்தால போயிட்டாலும் மாமிக்கு விதவைப் பென்சன் வாறதுக்கு அதுதான் அடி.

வெளிநாட்டில இருக்கிறது தடை இல்ல. இலங்கையில இருந்து போற கிளெயிம் பிட்ஸ்பர்க் ஒபிஸ்ல பாப்பாங்க. ஏத்துக்கொண்டாப் பிறகு பொரின் மெடிக்கல் புரோகிராம் எண்டு ஒண்டு இருக்கு, அந்த வருத்தத்துக்கு இலங்கையில செய்ற வைத்தியச் செலவை அவங்க தருவாங்க, அதுக்குத் தனியா பதியோணும். பில் ஒண்டையும் எறிய வேணாம். அமெரிக்க பாங்க் எக்கவுண்ட் இருந்தா அதையும் மூட வேணாம்.

பாலையூற்று ஜேபி:

பிள்ளை, நான் ஆஸ்பத்திரி ரெக்கோர்ட் ரூமில வேலை செய்து ஓய்வெடுத்தவன், பேப்பர் பக்கம் மட்டும் சொல்லுறன். எங்கட சனம் டயக்னோசிஸ் கார்டை மட்டும் வச்சுக்கொண்டு எல்லாம் இருக்கு எண்டு நினைக்கிறது. கார்டில டொக்டர் கோழி கிளறின மாதிரி ரெண்டு வரி எழுதியிருப்பார், வெளிநாட்டான் அத என்னெண்டு வாசிக்கிறது. உங்களுக்கு வேணுமானது எடுத்த கிட்னியை லாபில பாத்து எழுதின ஹிஸ்டோலொஜி ரிப்போர்ட், அது டைப் அடிச்சுத்தான் வரும், இங்கிலீஷிலதான் இருக்கும், கேன்சர் எந்த வகை, எவ்வளவு பெரிசு, எந்த ஸ்டேஜ் எல்லாம் அதுலதான். அதோட ஸ்கேன் ரிப்போர்ட், ஒப்பரேசன் நோட், கிட்னி எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற, கடைசியா எடுத்த கிரியாட்டினின் ரிப்போர்ட். பேர் எல்லாத்திலயும் ஒரே மாதிரி இருக்கா எண்டு பாருங்க. எங்கட ஆக்களுக்கு இதுதான் பெரிய கரைச்சல், பாஸ்போர்ட்டில அப்பாட பேர் கடைசியில, கொழும்பு ஆஸ்பத்திரியில அப்பாட பேர் முன்னுக்கு, இன்னொண்டில வெறும் இனிசியல். அப்பிடி இருந்தா ரெண்டு பேரும் ஒராள்தான் எண்டு ஒரு சத்தியக் கடதாசி முடிச்சு வைங்க. நான் ஜேபி, சமாதான நீதவான்தான், வந்தா நானே சைன் வச்சுத் தாறன், காசு வேணாம்.

உவர்மலை சுதா:

ஐயோ ஐயா, சொன்ன மாதிரியே கிடக்கு, ஆஸ்பத்திரி பைலில இனிசியல், டிடி-214ல முழுப்பேர், அதுவும் ஒரு எழுத்து விட்டு அடிச்சிருக்கிறாங்க. ஹிஸ்டோலொஜி எங்கட கையில இல்ல, கொழும்புக்கு போன் பண்ணி எடுக்கோணும்.

கோணேஸ் அண்ணே, அந்த டிடி-214ல லெஜூன் எண்டு எங்கயுமே இல்லையே? கடைசியா டிஸ்சார்ஜ் ஆன இடம் மட்டும்தான் கிடக்கு, அது கலிபோர்னியா.

கரோலைனா கோணேஸ்:

கன ஆக்களுக்கு அப்பிடித்தான், பயப்பட வேணாம். அது ஒரு சுருக்கம் மட்டும்தான். எந்த யூனிட்டில எந்தத் திகதியில இருந்தவர் எண்ட முழு பைல் சென்ட் லூயிஸ்ல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்தில கிடக்கும். அங்க 73ல பெரிய தீ பிடிச்சது, ஆனா எரிஞ்சது ஆமியும் விமானப்படையும், அதுவும் 64க்கு முந்தின பைல்கள், மரீன் பைலுக்கு ஒண்டும் ஆகேல்ல. கிளெயிம் போட்டா விஏ தானே அத எடுப்பிக்கும், ஆனா மாமாவே கேட்டு ஒரு கொப்பி வச்சிருந்தா நல்லம், ஓசிதான். மாமாட்ட அந்தக் காலத்து போட்டோ, பழைய கடிதத்தில லெஜூன் எட்ரஸ், புரொமோசன் கடதாசி ஏதும் கிடந்தா அதையும் சேத்து வைங்க.

தம்பலகாமத்தான்:

வாசிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா வயிறு எரியுது. அமெரிக்காக்காரனுக்கு தண்ணி கெட்டா சட்டம் போட்டு, வருத்தத்துக்கு பட்டியல் போட்டு, நீ ஒண்டும் நிரூபிக்க வேணாம் எண்டு சொல்லுறான். எங்கட சனத்துக்கு? யாழ்ப்பாணம் சுன்னாகத்தில மின்சார நிலையத்தால கிணத்துக்குள்ள கழிவெண்ணெய் வந்து, வாளியில எண்ணெய் மிதக்குது எண்டு சனம் கத்தினது, ஒவ்வொரு கொமிட்டியும் ஒவ்வொரு ரிப்போர்ட் குடுத்தது. இஞ்சால பதவியா பக்கம் போனா வீட்டுக்கு வீடு கிட்னி வருத்தம், இத்தின வருசமாகியும் காரணம் இதுதான் எண்டு ஒருத்தரும் முடிவா சொல்லேல்ல. நீங்க என்னடா எண்டா 5 பிபிபி, 215 பிபிபி எண்டு கதைக்கிறீங்க.

கரோலைனா கோணேஸ்:

தம்பி, நியாயமான எரிச்சல்தான், ஆனா அங்கயும் தட்டில வச்சுக் குடுக்கேல்ல. ஜெரி என்ஸ்மிங்கர் எண்டு ஒரு மரீன் மாஸ்டர் சார்ஜன்ட், அவர்ட மகள் ஜேனி லுகேமியாவில 85ல செத்தது, ஒம்பது வயசு. ஏன் எண்டு அந்தாளுக்குத் தெரியாது. 97ல டிவி நியூஸ்ல லெஜூன் தண்ணி எண்டு கேட்டுத்தான் தெரியவந்தது. அதுக்குப் பிறகு வருசக்கணக்கா தன்ட படையையே எதிர்த்து நிண்டு, 2012லதான் அந்தப் பிள்ளைட பேரில முதல் சட்டம் வந்தது, அதுவும் 15 வருத்தத்துக்கு வைத்தியச் செலவுக்கு மட்டும், குடும்பத்து ஆக்களுக்கும் சேத்து. மாசக் காசுக்கான விதி 2017, கோர்ட் 2022. தண்ணியில பிழை இருக்கு எண்டு லாப் முதல் சொன்னது 80ல. கணக்குப் பாருங்க. வெள்ளைக்காரன் நல்லவன் எண்டதால வந்தது இல்ல இது, விடாம நிண்ட ஆக்களால வந்தது.

சுன்னாகத்துக்கும் 2019ல உச்ச நீதிமன்றம் அந்த மின்சாரக் கொம்பனிய 2 கோடி ரூபா குடுக்கச் சொல்லித் தீர்ப்பு சொன்னது. காணாது எண்டுதான் நானும் சொல்லுவன். ஆனா வருத்தம் தண்ணியாலதான் எண்டு நிரூபிக்கிற பாரத்தை நோயாளிட தலையில இருந்து இறக்கி வைக்கிற ஒரு விதி எங்கட நாட்டில இல்ல, கேக்க வேண்டியது அதத்தான்.

குச்சவெளி பாத்திமா:

எல்லாரும் நல்லா விளங்கப்படுத்துறீங்க, அல்லாஹ் நல்லது செய்யட்டும். எனக்கு ஒரு சின்னக் கேள்வி, நாங்க எல்லாம் கிணத்துத் தண்ணிய காய்ச்சித்தானே குடிக்கிறம், அங்க அந்த சனம் காய்ச்சிக் குடிச்சிருந்தா தப்பியிருக்குமா?

கரோலைனா கோணேஸ்:

இல்ல ராத்தா. காய்ச்சினா கிருமிதான் சாகும். இந்த திராவகம் தண்ணியில இருந்து கொஞ்சம் ஆவியாப் போகும்தான், ஆனா போறது குசினிக்குள்ள, காய்ச்சிறவ அதத்தான் மூச்சில எடுப்பா. கரி பில்டர், இல்லாட்டி தண்ணிக்குள்ளால காத்து அடிச்சுப் பிரிக்கிற மெசின், அதுகள்தான் இதுக்குச் சரி.

சீனக்குடா சிவா:

அண்ணே, கேட்டதுக்குக் கேட்டது, எங்கட அப்பப்பா வெள்ளைக்காரன் நேவி இருந்த காலத்தில டொக்யார்ட்ல பெயின்ட் வேலை செய்தவர், 57ல அவங்க தளத்தைக் குடுத்திட்டுப் போகும் வரைக்கும். அவரும் கேன்சர்லதான் போனவர். இதுல ஏதும் போடலாமா?

கரோலைனா கோணேஸ்:

ஏலாது தம்பி. இது அமெரிக்கப் படை, அதுலயும் லெஜூன் எண்ட ஒரு இடத்துக்கான விதி. லெஜூன்லயே சம்பளத்துக்கு வேலை செய்த சிவில் ஆக்களுக்குக்கூட விஏ மாசக் காசு இல்ல, அவங்களும் கோர்ட் பாதையாலதான் கேக்கலாமா இருந்தது. உங்கட அப்பப்பாட பேரில காசு எடுத்துத் தாறன் எண்டு யாரும் வந்தா நம்ப வேணாம்.

சுதா, 21-0966 போட்டாச்சா?

உவர்மலை சுதா:

போட்டாச்சு அண்ணே! மாமா தன்ட லொகின் பாஸ்வேர்ட் மறந்துபோய் ஒரே ரகளை, கடைசியில ராவில போன் எடுத்துச் சொன்னவர், பதிஞ்சிட்டம் எண்டு திகதியும் சொன்னாங்களாம். ஹிஸ்டோலொஜிக்கு கடிதம் குடுத்து ஆளை அனுப்பச் சொல்லுறாங்க, மச்சான் திங்கக்கிழமை ராவு பஸ்ல கொழும்பு போறார். ஜேபி ஐயா, புதன்கிழமை பின்னேரம் மாமாவக் கூட்டிக்கொண்டு பாலையூற்றுக்கு வரலாமா, அந்தப் பேர் கடதாசிக்கு?

பாலையூற்று ஜேபி:

நாலு மணிக்குப் பிறகு வாங்க. பாஸ்போர்ட், ஐடி, டிடி-214 மூண்டும் ஒரிஜினல் வேணும்.